தசமத்துக்குப் பிறகு

அட்டன் றிஸ்வான் கடையில்
மூன்று தவணையில் வாங்கிய பழைய கொம்பியூட்டர்.
கொழும்பில் ஏதோ வங்கியில் வேலை பார்த்ததாம்.
முதுகில் இன்னும் ஒரு சொத்து இலக்கம்
ஒட்டியிருக்கிறது. நானும் உரிக்கவில்லை.

வாயடைக்க வேண்டியவற்றை முதலில் வாயடைத்தேன்:
மின்னஞ்சல் மணி, அப்டேட் நச்சரிப்பு,
வருகிற சத்தத்தையெல்லாம்
ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டும் அந்த மிக்சர்.
பாட்டுக்கென்று ஒரு தனிவழி திறந்து
வொலியூமை நூறில் வைத்துப் பூட்டினேன்.
கூட்டுவதும் குறைப்பதும் இனி வெளியே,
சவர்க்காரக் கட்டியளவு டாக் பெட்டியில்.

நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு புள்ளி.
தட்டில் இருப்பது அவ்வளவுதான்.
பதினாறால் பெருக்கு என்றேன்.
ஏழு லட்சத்து ஐயாயிரத்து அறுநூறு.
பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே
பதினைந்து பதினைந்தாய்ப் புதுசு.
“ஊகமில்ல, கணக்கு” என்கிறான் றிஸ்வான்.
“இல்லாதத அது சேர்க்காது. வளைவ நேராக்காம விடும், அவ்ளோதான்.”

ஆக நீளமான ஃபில்டரைத் தொட்டதும்
விசிறி அலறியது, பெட்டி சுட்டது.
மஸ்கெலியா மார்கழியில்
அதன்மேல் கை காய்ந்தேன்.

நள்ளிரவில் ஃபெக்டரி வாட்டல் விசிறிகள் ஓடினால்
இடது ஸ்பீக்கரில் ஒரு வண்டு.
மூன்று ராத்திரி அதைத் தேடினேன்.
நாலாம் நாள் கானோரம் இரும்புக் கம்பி அடித்து
எர்த் இறக்கினேன்.
வண்டு செத்தது.

மிஞ்சியது பிட் விவகாரம்.
அறுபத்து நாலில் போட்ட கணக்கை
இருபத்து நாலில் இறக்கும்போது
ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வால் மிஞ்சும்.
நறுக்கினால்
மெல்லிய சத்தங்களின் ஓரம் பிசிறடிக்கும்.
நறுக்குமுன் ஒரு சிட்டிகை இரைச்சல் தூவ வேண்டுமாம்.
டிதர் என்று பெயர்.
கட்டத்துக்கு எட்டாத சின்னது
இரைச்சலின் தோளில் ஏறி
எப்படியோ உள்ளே வந்துவிடும்.
எனக்கு நம்பிக்கையில்லை.
பெட்டியில் ஒரு சரி போட்டேன்.

குழல்காரர்
ஊதுவதற்கு முன்
உதட்டை நனைத்தார்.

கேட்டது. சத்தியமாய்க் கேட்டது.
பிறகு அந்த நீண்ட மூச்சு.
சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து செபமாலையக்கா:
“இந்நேரத்துல யாருப்பா அது மூச்சு வாங்குறது?”

காலையில் கொழுந்து மடுவம்.
தராசடியில் நிற்பவன் நான்.
தொங்கிய படங்கு ஆடி ஆடி அடங்க,
சிவப்பு எழுத்தில் 17.640.
தண்ணிக்கு ஒன்று. படங்குக்கு ஒன்று.
வாலுக்குக் காரணம்கூடச் சொல்வதில்லை,
செக்ரோலில் கட்டமே இரண்டுதான்.
பதினைந்து என்று எழுத வேண்டும்.
எட்டு வருஷமாய் எழுதுகிறேன்.
நாற்பத்து மூன்று பேர், நாளுக்கு மூன்று நிறுவை.
பெருக்கிப் பார்க்க
ப்ராசஸர் ஒன்றும் தேவையில்லை.

“என்ன தம்பி, வாய்க்குள்ளயே?”
செபமாலையக்காவின் முக்காட்டில் மழை சொட்டியது.
“பதினேழு தசம் ஆறு நாலு” என்றேன்.
என் குரல் எனக்கே புதுசாயிருந்தது.
“ஆறு நாலா? அப்புடி ஒண்ணு இருக்கா?”
சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.
“சத்தமாச் சொல்லு.
பின்னால நிக்கிறவளுக்கும் கேக்கட்டும்.”

சொன்னேன்.

வரிசையில் ஓர் இரைச்சல் கிளம்பியது.
பெரிதாய் ஒன்றுமில்லை,
தகரத்தில் தூறல் விழத் தொடங்குகிற மாதிரி.
பேனை இரண்டாம் கட்டத்தில் நின்றது.
கீழ் வளைவில்
ஐயாவின் மோட்டார் சைக்கிள்
கியர் மாறும் சத்தம்.